வாங்கும் பெட்டி யாருடையது?

இலக்கிய வாசகர்கள் கூடும் இந்தப் பக்கத்தில் கம்பியில்லா இணையப் பெட்டியைப் பற்றி எழுதுவது சிலருக்கு எரிச்சலூட்டலாம். "அதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று நண்பரொருவர் அண்மையில் கேட்டே விட்டார். அவர் தேர்ந்த வாசகர். பழைய நூலொன்றின் மறுபதிப்பில் ஒரு சொல் மாறியிருந்தால், எந்த ஏட்டை வைத்துப் பாடம் கொண்டீர்கள் என்று பதிப்பாசிரியரைக் குடைந்தெடுப்பவர். ஆனால் அவர் இரவில் படிக்கும் மதுரைத் திட்டத்து மின்னூல் வந்து சேரும் பெட்டிக்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அவருக்கு மெக்கானிக் சமாச்சாரமாகிவிடுகிறது. இந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை.

ரூட்டர் என்று கடையில் கேட்கிறோம். திசைவி என்று கலைச்சொல் அகராதியில் எழுதி வைத்திருக்கிறோம். (திசைவி என்று கேட்டால் டவுன்ஹால் ரோட்டில் திசைகாட்டி கிடைக்கக்கூடும்.) பெயர் எதுவானாலும் அது ஒரு சிறு கணினி. அதற்குள் பதித்துத் தரப்படும் நிரலுக்கு நிலைப்பொருள் என்று பெயர். வீட்டிலுள்ளவர் எதைப் பார்க்கிறார், எந்த முகவரி எங்கே திருப்பப்படுகிறது, வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த நிரல்தான். பெரும்பாலான பெட்டிகளில் அது லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்டது. அதாவது எண்ணற்ற பேர் எழுதிப் பொதுவில் வைத்த எழுத்து. அதைத்தான் எடுத்துப் பூட்டிவைத்து நமக்கே விற்கிறார்கள்.

இந்தப் பூட்டு ஒருமுறை உடைந்த கதை சுவையானது. லிங்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கருப்புமான பெட்டியை வெளியிட்டது. மறு ஆண்டு சிஸ்கோ அந்நிறுவனத்தையே வாங்கியது. அதே 2003இல், பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ் என்பதைச் சில நிரலாளர்கள் கண்டுபிடித்து, மூல நிரல் எங்கே என்று கேட்டார்கள். லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: இதை எடுத்து யாரும் விற்கலாம், ஆனால் வாங்கியவர் கேட்டால் மூலத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நிறுவனம் தந்தது. அந்த மூலத்திலிருந்து 2004இல் கிளைத்ததே ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற மாற்று நிலைப்பொருள். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹெரால்ட் வெல்டே என்ற நிரலாளர், தம் நிரலைப் பெட்டியில் வைத்து மூலம் தராமல் விற்ற சைட்காம் நிறுவனத்தின் மீது மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணையே வாங்கினார்.

நமக்கு நெருக்கமான ஒப்புமை ஒன்று உண்டு. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அவை மக்கள் சொத்தாயின. பாரதியை யாரும் அச்சிடலாம் என்ற இன்றைய நிலை அப்படி வந்தது. ஆனால் நாட்டுடைமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பொதுவில் உள்ள பாடத்தை எடுத்து, பிழைகள் மலிய அச்சிட்டு விற்பவரை யாரும் கேட்க முடியாது. ஜிபிஎல் அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது: நீ திருத்தியதை விற்றால், உன் திருத்தத்தையும் காட்டு. பாடபேதம் குறிக்காத பதிப்பை ஏற்க மறுக்கும் நம்மவர்கள் கொண்டாட வேண்டிய சட்டம் இது.

பூட்டிய பெட்டியால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 2017 ஜூலையில் நச்சுநிரல் ஒன்று பிஎஸ்என்எல் இணைப்புகளின் மோடங்களைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் கிடந்த மோடங்கள்தாம் அதற்கு வாசல் திறந்துவிட்டன. பயனீட்டாளர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அப்போது அறிவுறுத்தினார்கள். சரிதான், ஆனால் பெட்டியின் உள்ளே கை வைக்காதே என்று பல்லாண்டு பழக்கிவிட்டுத் திடீரென்று கை வைக்கச் சொன்னால் எப்படி? என் வீட்டு இணைப்புக்கு வந்த பெட்டியின் மேலாளர் கடவுச்சொல்லைக் கேட்டபோது, பொருத்த வந்த தம்பி, "அதைக் கஸ்டமருக்குத் தர்றதில்ல சார்" என்றார். மாத வாடகை என் பையிலிருந்து போகிறது. சாவி அவர்களிடம் இருக்கிறது.

இன்னொரு கேடு மெதுவானது. நிறுவனம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய வகைக்குத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடும். பெட்டி ஓடும், ஓட்டைகளும் அப்படியே இருக்கும். மாற்று நிலைப்பொருள் ஏற்கும் பெட்டியோ, தயாரித்தவர் கைவிட்ட பின்னும் தன்னார்வலர் தரும் திருத்தங்களோடு பல்லாண்டு வாழும். தமிழ் இடைமுகத்துக்கும் இது பொருந்தும். மூடிய பெட்டியில் தமிழ் வேண்டுமானால் நிறுவனம் மனம் வைக்க வேண்டும். ஓப்பன்-டபிள்யூஆர்டியின் இடைமுகத்தை மொழிபெயர்க்கும் பணியில் யாரும் சேரலாம். கலைச்சொல் பட்டியல் போட்டுக் கருத்தரங்கில் வாசிப்பதை விட அது பயனுள்ள வேலை என்பது என் கட்சி.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நிரலை மாற்றினால் அலைபரப்பும் திறனையும் மாற்றலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானிலை ரேடாருக்கு இடையூறு வரும். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் இந்தக் கவலையோடு விதிகளை இறுக்கியபோது, டிபி-லிங்க் அங்கு விற்ற பெட்டிகளில் மாற்று நிரலையே அடைத்துவிட்டது. 2016 ஆகஸ்டில் அதே ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் அந்நிறுவனம், திறன் வரம்பை மீறியதற்கு 2 லட்சம் டாலர் செலுத்தவும், மாற்று நிரலுக்கு இடமளிக்கும் வழியைத் தேடவும் ஒப்புக்கொண்டது. ரேடாருக்காக அலைபரப்பியை மட்டும் பூட்டலாம், வீட்டையே பூட்ட வேண்டியதில்லை என்பதை ஒழுங்குமுறையாளரே ஏற்றதாகத்தான் இதை நான் வாசிக்கிறேன்.

கடைக்குப் போனால் ஆன்டெனாவை எண்ணச் சொல்வார்கள். நான்கு கொம்பு, ஆறு கொம்பு, மூன்று மாடி தாண்டும் என்பார்கள். கொம்பை விட்டுவிட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். வகையின் பெயரோடு பதிப்பு எண் ஒன்று இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் உள்ளிருக்கும் சில்லே மாறியிருக்கலாம். அந்தப் புகழ்பெற்ற டபிள்யூஆர்டி54ஜிக்கே இது நேர்ந்தது: 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு நினைவகத்தையும் குறைத்தார்கள்; பழையதை விரும்பியவர்களுக்கு ஜிஎல் என்ற வால் சேர்த்துத் தனியே விற்றார்கள்! ஓப்பன்-டபிள்யூஆர்டி தளத்தில் வகையும் பதிப்பும் சேர்ந்த பட்டியல் இருக்கிறது; அதில் ஒத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இல்லாததைத் தொட வேண்டாம். மீடியாடெக், குவால்காம் சில்லுகள் பெரும்பாலும் ஒத்துழைக்கும். பிராட்காம் வை-ஃபை சில்லு தகராறு செய்யும். 2024 இறுதியில் அந்தத் திட்டத்தாரே ஓப்பன்-டபிள்யூஆர்டி ஒன் என்ற பெட்டியை 89 டாலருக்கு வெளியிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது நம் ஆட்களுக்குச் சிரமம்; உள்ளூரில் கிடைப்பதில் தேறியதைப் பொறுக்குவதே நடைமுறை.

இணைப்பு நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதை பிரிட்ஜ் முறையில் வைத்துத் தரச் சொல்லி, பின்னால் நம் பெட்டியை மாட்டலாம். தர மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பெட்டியை மாட்டுவது என்பதைத் தேர்வது சந்தாதாரரின் சட்டப்படியான உரிமை. நம்மால் ஆகாது என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2015இல் பல லட்சம் பேர் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பிறகு, 2016 பிப்ரவரி 8 அன்று நம் டிராய், தளத்துக்கொரு கட்டணம் கூடாது என்று விதி செய்தது. அன்று எழுதியவர்களில் இந்தப் பக்கத்தின் வாசகர்களும் இருந்திருப்பார்கள். பெட்டிக்காகவும் எழுதலாம்.

நிரல் மாற்றுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. உத்தரவாதம் போகக்கூடும். பாதியில் மின்சாரம் நின்றால் பெட்டி செங்கல்லாகிவிடும், அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே ஆடிக்காற்றில் கம்பிகள் உரசிக்கொள்ளும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து நண்பர்கள் பெட்டியையும் கணினியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் செருகிவிட்டு உட்காருங்கள்.