‘ஒரு குறையும் இல்லை’ என்னும் விடை

ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னையின் மூத்த தலைமுறை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பதற்கு, ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் துரத்திய மக்களுக்காக 1782இல் அங்கே திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டியே காரணம். அதை மேற்பார்த்த மணியக்காரரின் பதவிப்பெயரால் மணியக்காரர் சத்திரம் எனப்பட்ட அவ்விடத்தில் 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் தொடங்கிய சிகிச்சையகம் காலப்போக்கில் ஸ்டான்லியாக வளர, சத்திரம் ஆதரவற்ற முதியோரின் புகலிடமாயிற்று. கஞ்சி ஊற்றுபவர் அளவையும் நேரத்தையும் முடிவுசெய்ய, வாங்குபவர் கலம் ஏந்தி நிற்கும் உறவு அந்த ஒரு சத்திரத்தோடு முடிந்துவிடவில்லை. இலவச முதியோர் இல்லம் என்ற ஏற்பாட்டின் அடித்தளத்திலேயே அது படிந்திருக்கிறது.

இத்தகைய இல்லங்களை மாற்றியமைக்க இன்று பரிந்துரைக்கப்படும் வழி பங்கேற்புப் பட்டறை. அதாவது, ஓர் இடத்தில் வாழ்வோரும் பணிபுரிவோரும் கட்டடக் கலைஞரோடும் நிர்வாகத்தோடும் ஒன்றாக அமர்ந்து அதன் வடிவத்தையும் நடைமுறையையும் வகுப்பது. (திருவொற்றியூரில் பட்டறை என்றால் லேத் பட்டறைதான் நினைவுக்கு வரும், கையால் செய்து பார்த்துத் திருத்தும் இடம் என்ற அந்தப் பொருளே இதற்கும் ஏற்றது.) இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் யுங்க் வகுத்த ‘எதிர்காலப் பட்டறை’, முதலில் குறைகளைக் கொட்டுதல், அடுத்துத் தடையின்றிக் கற்பனை செய்தல், இறுதியில் செயல்திட்டம் தீட்டுதல் என மூன்று கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்திலேயே இது இங்கே தடுக்கி விழும். குறை என்ன என்று கேட்டால், “ஒரு குறையும் இல்லை, நல்லா பார்த்துக்கிறாங்க” என்பதே முதியவரின் விடை. அந்த விடையில் நன்றி இருக்கிறது; இரவில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய ஆயா மனம் நொந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் இருக்கிறது. அதைத் திருப்திக் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஆய்வறிக்கைகள் முதியவரைவிட நிர்வாகத்துக்கே அதிகம் பயன்படுகின்றன.

ஆகவே குறையைக் கேட்காமலே குறையை வெளிக்கொணரும் வரிசை தேவைப்படுகிறது. ராபர்ட் சேம்பர்ஸ் எழுத்தில் பரப்பிய, 1980களின் பிற்பகுதியில் இந்தியக் கிராமங்களில் வேரூன்றிய ஊரகப் பங்கேற்பு மதிப்பீட்டு முறை, தாளையும் பேனாவையும் விட்டுத் தரையையும் கோலமாவையும் விதைகளையும் கையில் எடுத்தது. அதன்படி நான்கைந்து பேர் கொண்ட குழு தரையில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒன்றில் தம் பழைய நாளையும் மற்றொன்றில் இல்லத்து நாளையும் மணிக்கணக்காகப் பிரித்துப் புளியங்கொட்டைகளை அடுக்கலாம். விடியுமுன்னே ஏலம் சூடுபிடிக்கும் காசிமேட்டில் கூடை எடுத்து வாழ்ந்தவரின் முதல் வட்டம் நள்ளிரவுக்குப் பின்னேயே நிரம்பத் தொடங்கும். மாலையிலேயே உணவு முடிந்து விளக்கணையும் இல்லத்தின் வட்டத்தில் அதே மணிகள் வெறுமையாகக் கிடக்கும். யாரும் யாரையும் குறைசொல்லவில்லை. இரு வட்டங்களுக்கும் உள்ள இடைவெளி தானே பேசிவிடும்.

பணியாளர்களின் வட்டம் தனியே, நிர்வாகி இல்லாத அறையில் வரையப்பட வேண்டும். அவர்களுக்கும் சொல்ல முடியாதவை உண்டு.

வட்டங்களிலிருந்து இடத்துக்கு வரும்போது வரைபடத்தை நீட்டுவதைவிட, தரையில் சாக்பீசால் அறையை முழு அளவில் வரைந்து, மெய்யான கட்டிலையும் சக்கர நாற்காலியையும் இழுத்துவந்து போடுவது பயன்தரும். நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் வட்டம் வேண்டும் என்பது அப்போது எண்ணாக இல்லாமல் முழங்கையில் இடிக்கும் சுவராகப் புரியும். எண்ணூர்ப் பகுதிக்கு இதே ஒத்திகையின் இருட்டு வடிவம் ஒன்றும் அவசியம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். எழுந்து நடக்க முடியாத முப்பது பேர் மாடியில் படுத்திருக்கும் கட்டடத்தில், இரவுப் பணியில் இரண்டே ஆயாக்கள் இருந்தால், யாரை முதலில் தூக்குவது, எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று யார் பார்ப்பது என்பதை நடித்துப் பார்த்த பிறகுதான், படுக்கையாளர்கள் தரைத்தளத்தில் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஒத்திகையில் பங்கேற்றவர்களே விடைசொல்ல முடியும்.

இல்லத்தின் அளவும் பட்டறைக்குள் வரவேண்டிய பொருளே. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, அரசு அமைக்கும் முதியோர் இல்லம் குறைந்தது 150 பேருக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. 150 பேருக்கு ஒரே சமையலறை என்றாகிவிட்டால் ஒருவருடைய பசிக்கேற்ற நேரம் என்பதற்கு இடமிருக்காது. சென்னையின் பான்யன் அமைப்பு, மனநல நிலையங்களில் நெடுங்காலம் தங்கியவர்களுக்காக 2015இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில், உதவியாளர் துணையோடு வாழ்கின்றனர். முதுமைக்கு அதை அப்படியே பெயர்த்து நட முடியாது என்றாலும், 150 என்ற எண் இயற்கை விதியன்று என்று காட்ட அது போதும்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தபோது, கருத்துக் கேட்பதை நடுப்படியிலேயே நிறுத்தி, முடிவெடுக்கும் அதிகாரத்தை உச்சியில் வைத்தார். இராயபுரத்திலோ எண்ணூரிலோ நடக்கும் பட்டறையில் அந்த உச்சிப்படி மிக எளிய வடிவில் தொடங்கலாம்: இரவுக் கஞ்சி எத்தனை மணிக்கு என்பதை அன்று அங்கே அமர்ந்திருப்பவர்களே முடிவுசெய்து, மறுநாள் முதல் அடுப்பு அந்த நேரத்துக்குப் பற்றவைக்கப்பட வேண்டும் என்று நிர்வாகம் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுக் கோலமாவை எடுத்துவருவது.