முன்பாரமா, பின்பாரமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. கரும்பு வெட்டு நடக்கும் ஊர்க்காரர்களாவது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பக்கத்து ஊர் பாலத்து இறக்கத்தில் கரும்பு லோடு டிராக்டர் கவிழ்ந்தது. ஓட்டியவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறான். டீக்கடையில் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது: "குடிச்சிருப்பான்." குடிக்கவில்லை என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தும் பேச்சு நிற்கவில்லை.

கிளம்பும் முன் எடுத்த செல்போன் படத்தைப் பார்த்தேன். பின்பலகையைத் தாண்டி நாலடிக்குக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் பாதி காலி.

நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் இப்படி ஏற்றியதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாடு முரண்டு பிடிக்கும். உடனே இறக்கி மாற்றி அடுக்குவார்கள். டிராக்டர் முரண்டு பிடிக்காது. அதுதான் ஆபத்து.

எளிய கணக்கு. இரண்டு சக்கர டிரெய்லர். கொக்கிக்கும் அச்சுக்கும் 3 மீட்டர். பாரம் 6 டன். பாரத்தின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியில் 600 கிலோ கீழே அழுத்தும். டிராக்டரின் பின்சக்கரம் தரையைப் பிடித்து ஓடும். மையம் அதே 30 சென்டிமீட்டர் பின்னால் போனால், அதே 600 கிலோ கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் எடையே சுமார் 2 டன்தான். அதன் பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. இறக்கத்தில் மிதித்தால் டயர் வழுக்கும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அப்புறம் ஓட்டுபவன் கையில் ஒன்றுமில்லை. அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தாலும் தப்பு: முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் கேட்காது.

"பாரம் குறைத்தால் கட்டுப்படியாகாது சார்" என்கிறார்கள் உரிமையாளர்கள். சரி, அந்தச் சண்டையை அப்புறம் போடுவோம். அதே பாரத்தை இரண்டடி முன்னால் தள்ளி அடுக்க எத்தனை ரூபாய் செலவு? ஆலை எடைமேடையில் ஒவ்வொரு லோடையும் கிலோ சுத்தமாக எடை போடுகிறார்கள். ஆகவே எவ்வளவு அதிகம் என்று தெரியாது என யாரும் சொல்ல முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கும் 20,000. சட்டம் இருக்கிறது. சாலையில் நிறுத்திக் கேட்கத்தான் ஆளில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 31 வருடம் கரும்பலகையில் சீசா படம் வரைந்து திருப்புத்திறன் நடத்தினேன். ஒரு நாள்கூடப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், நின்றிருந்த டிரெய்லரைக் காட்டவில்லை. அவன் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன்.

லோடு ஏற்றும் தம்பிகளே, கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள். பின்பலகையைத் தாண்ட விடாதீர்கள். டிரைவர் தம்பிகளே, பின்பாரம் என்று தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள். மற்றவர்களே, அடுத்த வண்டி கவிழும்போது டிரைவரின் வாயை மோந்து பார்ப்பதற்கு முன் கொக்கியைப் பாருங்கள்.