நாலு வருஷத்தில் ஊமையான ஸ்பீக்கர்

போன வாரம் மாப்பிள்ளை வீட்டு ஸ்பீக்கர் ஜோடியில் ஒன்று ஊமையாகிவிட்டது. வாங்கி நாலு வருஷம்தான். "ஆக்டிவ் மாமா, உங்க பழைய பாஸிவ் எல்லாம் இது பக்கத்துல நிக்க முடியாது" என்று அன்று அவர் சொன்னபோது நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

விஷயம் இதுதான். கனத்த ஒலிக்கு வூஃபர், மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர். எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது கிராஸோவர். பாஸிவ் என்றால் பிரிப்பது ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு: காயிலும் கண்டன்சரும் போதும். 8 ஓம் ட்வீட்டரை 2500 ஹெர்ட்ஸில் பிரிக்க, மிக எளிய கணக்கில், ஒரே ஒரு 8 மைக்ரோஃபாரட் கண்டன்சர். ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரித்துவிட்டு, வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப்ளிஃபயர்.

கணக்கில் ஆக்டிவ்தான் ஜெயிக்கும். இதில் எனக்குச் சண்டையே இல்லை. பாஸிவில் காயில் கம்பியே கொஞ்சம் பவரைத் தின்றுவிடும். 8 ஓம் என்பதும் பெயருக்குத்தான். அதிர்வெண் மாற மாற அதுவும் மாறும். வூஃபருக்குள் இருக்கும் செப்புச் சுருள் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறிவிடும், போட்ட கணக்கு நழுவும். 1976-இல் ஹியூலட் பக்கார்ட் பொறியாளர்கள் லிங்க்விட்ஸும் ரைலியும் சொன்ன வழியில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவை நாலைந்து ஆப்-ஆம்ப் வைத்தே கொண்டுவந்துவிடலாம்.

என் சண்டை வேறு. மேடைக் கச்சேரியிலும் ஆக்டிவ்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே பெரிய செட்டுகளில் கிராஸோவர் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி. ஒன்று போனால் அதை மட்டும் மாற்றுவார்கள், கச்சேரி நடக்கும். வீட்டுக்கு விற்கும்போது கிராஸோவர், ஆம்ப்ளிஃபயர், பவர் சப்ளை மூன்றையும் ஒரே போர்டில் போட்டு, வூஃபர் அதிர்கிற அதே பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். சூட்டில் பவர் சப்ளை கண்டன்சர் காய்ந்தால் மொத்தமும் காலி.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "போர்டு வராது சார், புதுசு வாங்கிக்குங்க." பெட்டியைத் திறந்து, ஒயரைக் கழற்றி, வூஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். 'டப்' என்றது. ட்வீட்டரும் லேசாகக் 'கரக்' என்றது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன. குப்பைக்குப் போகச் சொல்வது இவற்றைத்தான்!

என் வீட்டுப் பாஸிவ் பெட்டி 1986-இல் வாங்கியது. ஒரு தடவை ட்வீட்டர் மங்கியது. ரிச்சி தெருவில் கண்டன்சர் வாங்கி, பத்து நிமிஷம் ஈயப்பற்று வைத்தேன், இன்றும் பாடுகிறது. எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ-வும் பாஸிவ்தான். அந்தக் காலத்து ஜோடிகளை இன்னும் வைத்துக் கேட்கிறவர்கள் உண்டு.

"முக்கியம் சத்தத்தின் தரம்தானே?" என்பீர்கள். ஊமைப் பெட்டியில் எந்தத் தரத்தைக் கேட்பது?

ஆக்டிவ் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரரிடம் வாட்ஸ் கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "போர்டு போனால் போர்டு மட்டும் கிடைக்குமா?" பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளையின் பெட்டி இப்போது என் மேஜையில். நாலு ஒயரை வெளியே இழுத்திருக்கிறேன். கிராஸோவரும் ஆம்ப்ளிஃபயரும் இனி பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.