இரண்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு



"சார், ஏத்தத்துல நல்லா இழுக்கணும். லிட்டருக்கு இருபதாவது கொடுக்கணும். எந்த வண்டி வாங்கலாம்?"

மாதம் தவறாமல் நமக்கு வரும் கேள்வி இது. கோயம்புத்தூரிலிருந்து எழுதுபவருக்கு விடுமுறை கிடைத்தால் ஊட்டி போக வேண்டும். சென்னையிலிருந்து எழுதுபவருக்கோ தினமும் பழைய மகாபலிபுரம் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும். நாகர்கோவில்காரர் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் சென்னைக்கு வந்து திரும்புகிறவர். கேள்வி ஒன்றுதான். ஆனால் மூவருக்கும் ஒரே வண்டியின் பெயரைச் சொன்னால், குறைந்தது இரண்டு பேர் பிறகு நம்மேல் வருத்தப்படுவார்கள். அதனால் இந்த மாதம் வண்டியின் பெயரைச் சொல்லாமல், எஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் பெயரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பவர் கூடினால் மைலேஜ் குறையும் என்பது நம் அப்பாக்கள் காலத்துக் கணக்கு. அன்றைக்கு அது சரி. அது எவ்வளவு தூரம் மாறிவிட்டது என்று பார்க்க இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை வரை போனால் போதும். 1998-ல் அந்த ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 999 சிசி, நான்கு சிலிண்டர், 55 குதிரைத்திறன். 2019-ல் அங்கிருந்தே வென்யூவின் டர்போ வகை வந்தது. 998 சிசி, மூன்றே சிலிண்டர், 120 குதிரைத்திறன். ஒரு சிசி குறைவு, ஒரு சிலிண்டர் குறைவு, சக்தியோ இரண்டு மடங்குக்கும் மேல். இருபது ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இது எப்படி முடிந்தது? பெட்ரோல் எரிவதற்குத் தன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்றை உள்ளே அனுப்ப முடிகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். பழைய எஞ்சினுக்குப் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்று மட்டும்தான். பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போய்விடுகிறது. அந்தச் சூட்டுப் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் மறுமுனையில் உள்ள விசிறியால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதுதான் டர்போ. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்குமேல் சுற்றக்கூடிய சக்கரம் அது. வீணாய்ப் போனதில் ஒரு பகுதியைப் பிடித்து மறுபடி வேலைக்கு வைக்கிறார்கள். பெட்ரோலையும் இப்போது நேராகச் சிலிண்டருக்குள்ளேயே, மிக அதிக அழுத்தத்தில் நுண்ணிய தூறலாகப் பீய்ச்சுகிறார்கள். அந்தத் தூறல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்த முடிகிறது.

சரி, பவர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. மைலேஜ்? இந்தப் பகுதியைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் ஒரு சிறிய காருக்குப் பத்துக் குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. நூறு குதிரைத்திறன் உள்ள பெரிய எஞ்சினை இந்த வேலைக்கு வைத்தால், அதன் காற்று வழியை முக்கால்வாசிக்கு மேல் அடைத்துத்தான் ஓட்ட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுப்பது போன்ற நிலை அது. அந்த இழுப்புக்கே பெட்ரோல் செலவாகிறது. அதே வேலையை ஒரு சிறிய எஞ்சினுக்குக் கொடுத்தால், காற்று வழியை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்து ஓட்டலாம். உராயும் பாகங்களும் குறைவு. எனவே செலவு குறைகிறது. வேண்டும்போது டர்போ வந்து கைகொடுக்கும். வேண்டாதபோது சின்ன எஞ்சினாகவே இருக்கும். ஒரே இரும்புக்குள் இரண்டு எஞ்சின்களை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. 'இரண்டும் வேண்டும்' என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான். பவர் இருக்கிறது, மைலேஜும் இருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கிற அந்த நிமிடத்தில் இரண்டில் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போது சிலிண்டர் கொதிக்கிறது. ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி அதைத் தடுக்க ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. பல எஞ்சின்களில், சூட்டைத் தணிப்பதற்காகவே எரிக்கத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோலை விடுகிறது. அதனால்தான் ஒரே வண்டியை வாங்கிய இரண்டு நண்பர்களில் ஒருவர் பதினெட்டு கொடுக்கிறது என்கிறார், மற்றவர் பதினொன்றைத் தாண்டவில்லை என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மைலேஜ் கடிதங்களில் யாரையும் நாம் சந்தேகப்படாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கார் கம்பெனியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணும் பொய்யில்லை. ஆனால் அது எந்தச் சாலையின் எண் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல், ஏசி போடாமல் நடக்கிறது. அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் மதிய வெயிலில் ஏசியோடு 110-ல் போகிறவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 80-ல் இருப்பதைப் போல் 120-ல் அது இரண்டேகால் மடங்கு. எந்த எஞ்சினாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. நாகர்கோவில் வாசகருக்கு என் முதல் ஆலோசனை எந்த வண்டியைப் பற்றியதும் இல்லை. 110-ஐ 90 ஆக்கிப் பாருங்கள். அதில் மிச்சமாவது, எஞ்சினை மாற்றி மிச்சப்படுத்துவதைவிட அதிகமாகவே இருக்கலாம்.

இன்னொரு வழியில் போன வண்டியும் உண்டு. 2024-ல் புதிய ஸ்விஃப்ட் வந்தபோது பலர் கோபப்பட்டு எழுதினார்கள். பழையதில் நான்கு சிலிண்டர், கிட்டத்தட்ட 90 குதிரைத்திறன். புதியதில் மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 82. "விலை ஏறுது, பவர் இறங்குதா?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சோதனை மைலேஜ், கியர் மாற்றி ஓட்டும் வகையில், 22.38-லிருந்து 24.8-ஆக ஏறியது. இழுவிசையோ 113 நியூட்டன் மீட்டரிலிருந்து 112-க்குத்தான் இறங்கியது. நகரத்துக்குள் நாம் உணர்வது இந்த இரண்டாவது எண்ணை. உச்சக் குதிரைத்திறன் ஐயாயிரம் ஆறாயிரம் சுற்றில் கிடைப்பது. தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே அந்தச் சுற்றை யார் தொடுகிறார்கள்? என் கணிப்பில், ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்த மாற்றம் நல்ல மாற்றம். மலையேறுகிறவருக்கும், நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டியவருக்கும் அது நஷ்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

கம்பெனிகள் ஏன் இப்படி முடிவெடுக்கின்றன என்பதற்குப் பின்னால் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 2006 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு வரிச்சலுகை உண்டு. 2025 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. அடுத்து, ஒரு கம்பெனி விற்கும் எல்லா கார்களின் சராசரியும் கரியமில வாயுவுக்கான ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2022-23 முதல் அது கிலோமீட்டருக்கு சுமார் 113 கிராம். பெட்ரோல் கணக்கில் லிட்டருக்கு 20, 21 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் எஞ்சின்கள் சின்னதாகவும், மூன்று சிலிண்டராகவும், டர்போவோடும் இருப்பதற்கு இவை பெரிய காரணங்கள்.

ஹைபிரிட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882-லேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கலவையை அழுத்தும் தூரத்தைவிட, எரிந்து விரியும் தூரத்தை அதிகமாக்கினால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். குறை என்னவென்றால் எஞ்சினின் சக்தி இறங்கிவிடும். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கார்களில் அதற்குப் பெரிய இடம் கிடைக்காததற்கு அதுதான் காரணம். 1997-ல் டொயோட்டா பிரியஸ் வந்து, குறையும் சக்தியை மின்மோட்டார் ஈடுசெய்யட்டும் என்றது. இன்று கிராண்ட் விட்டாராவில் இந்த இரண்டு உலகங்களையும் அருகருகே பார்க்கலாம். சாதாரண ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு 103 குதிரைத்திறன், சோதனை மைலேஜ் 21.11. ஹைபிரிட்டில் உள்ள ஒன்றரை லிட்டருக்கு 92 மட்டுமே. மோட்டாரும் சேர்ந்தால் 115-க்குமேல், மைலேஜ் 27.97. சென்னை வாசகரே, நின்று நின்று போகும் உங்கள் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இப்போதைக்கு இல்லை. பிரேக் பிடிக்கும்போது சூடாகி வீணாவதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. கூடுதல் விலையை மீட்கும் அளவுக்கு நீங்கள் ஓட்டுகிறீர்களா என்பதை மட்டும் கணக்குப் பாருங்கள். மாதத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

கோயம்புத்தூர் வாசகரே, உங்கள் விஷயம் வேறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தானாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சினின் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைந்த வண்டி மூச்சு வாங்குவது ஓட்டுநரின் குறையில்லை. டர்போ, மெலிந்த காற்றையும் அழுத்தித் திணிப்பதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். வென்யூவின் அந்த 1.0 டர்போ 172 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1,500 சுற்றிலேயே கொடுத்தது. அதே காரின் டர்போ இல்லாத 1.2 எஞ்சின் 114-ஐத்தான் கொடுத்தது, அதுவும் 4,000 சுற்றில். மலைக்கு எது என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஹைபிரிட் வாங்கினால் இறக்கத்தில் எல்லாம் மிச்சமாகும் என்று எண்ணிவிடாதீர்கள். முன்பு சொன்ன கிராண்ட் விட்டாராவின் பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் ஒரு கார் இழக்கும் ஆற்றல் அதைப் போல் பல மடங்கு. பாதி வழிக்கு முன்பே பேட்டரி நிரம்பிவிடும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டதாகக் கவலையோடு பலர் எழுதுகிறீர்கள். உங்கள் கணக்கு தவறில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறையத்தான் செய்யும். எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அதிக அழுத்த விகிதத்தில் எஞ்சினை வடிவமைத்தால் இழந்ததில் கொஞ்சத்தை மீட்கலாம். ஏற்கெனவே வாங்கிய வண்டியில் அது நடக்காது. அந்த இழப்பை முழுக்க வண்டிக்காரர் தலையில் வைப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

கார் கம்பெனிகளுக்கு இந்தப் பக்கத்தின் வழியாக ஒரு வேண்டுகோள். ஒற்றை மைலேஜ் எண்ணோடு நிறுத்தாதீர்கள். 60-ல், 80-ல், 100-ல் சீராக ஓட்டினால், ஏசியோடு, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அச்சிடுங்கள். உங்களிடம் அந்தக் கணக்கு இல்லாமல் எந்த எஞ்சினும் ஆலையை விட்டு வெளியே வருவதில்லை.

அதுவரை அந்த வேலையை நாம் செய்யலாம். ஒரே பங்க்கில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அங்கேயே மறுபடி நிரப்பி, டேங்க் டு டேங்க் கணக்கை எழுதி அனுப்புங்கள். எந்த வண்டி, எந்த எஞ்சின், எந்த ஆண்டு மாடல், எந்தச் சாலை, எத்தனை பேர் இருந்தீர்கள், ஏசி உண்டா, பெரும்பாலும் என்ன வேகம் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். குறைவாக வந்த கணக்கையும் தயங்காமல் அனுப்புங்கள்; எங்களுக்கு அது கூடுதலாகவே பயன்படும். வந்தவற்றை நகரம், நெடுஞ்சாலை, மலை என்று பிரித்து அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்