முதல் பரிசோதனை கணவனுக்கு

கல்யாணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேரள எல்லைக்குள் பாறசாலையில் மலையாளத்தில் கேட்டாலும், எல்லை தாண்டிக் களியக்காவிளையில் தமிழில் கேட்டாலும், கேள்வி போய் விழுவது மருமகள் தலையில்தான். மண்ணாறசாலையில் உருளி கவிழ்க்க ஒரு நேர்ச்சை, நாகர்கோவில் நாகராஜாவுக்குப் பால், பிறகு மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ ஒரு டாக்டர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று அவள் எல்லாவற்றையும் முடித்திருப்பாள். அதுவரை கணவன் ஒரு சாம்பிள்கூடக் கொடுத்திருக்க மாட்டான். நேர்ச்சையை யாரும் குறை சொல்லவில்லை. பரிசோதனையின் வரிசைதான் மாற வேண்டும்.

பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டுப் போனால் போதும். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் பதற வேண்டியதில்லை. ஒரு காய்ச்சல்கூட அதைக் குறைத்துவிடும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். விதைப்பையில் ரத்தக் குழாய் சுருண்டு வீங்கும் வெரிகோசீல், பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, புகையிலை, ஜிம்மில் உடம்பேற்றப் போடும் ஊசி எனக் காரணங்கள் பல. சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு, சிலவற்றை விட்டாலே போதும். "ஆம்பிளைக்கு என்ன கொறை வந்திரும்?" என்று திண்ணையில் கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எடுத்த சாம்பிளை உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி, பாலராமபுரம் நெரிசலைத் தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். அங்கேயே போய்க் கொடுக்கலாம்தான். அதற்கு ஒரு நாள் கூலி போகும், எதற்கு லீவு என்று நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்குள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவு இருப்பது நல்லதே. ஆனால் முதல் படி தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

கணவனின் வளைகுடா வேலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கருத்தடை இல்லாத தொடர்ச்சியான உறவில் பன்னிரண்டு மாதம் கருத்தரிக்காவிட்டால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தையின்மை என்கிறது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருக்கும், இருவரும் சேர்ந்திருந்தது இரண்டு லீவு மட்டுமாக இருக்கும். கல்யாணத் தேதியைக் கேட்கும் டாக்டர் இதையும் கேட்கட்டும். மறுபுறம், பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம்.

இந்த எளிய சோதனைகள் அருகில் இல்லாத இடத்தில்தான் நெடுஞ்சாலையில் தனியார் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் பேசுகின்றன. மாத்திரையிலோ சின்ன ஆபரேஷனிலோ பிரச்சினை தீரக்கூடியவர்களும் நேரே டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போய் நகையை அடகு வைக்கிறார்கள். பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் கருத்தரிப்புச் சிகிச்சையை விலக்கி வைத்திருக்கிறது. கேரளத்தின் காருண்யா திட்டமும் அதனோடு இணைந்ததுதான். உலகில் வயது வந்த ஆறு பேரில் ஒருவரை வாழ்நாளில் எப்போதாவது பாதிக்கும் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன பிறகும் இதற்கான சிகிச்சையை ஆடம்பரமாக நினைப்பது நியாயமில்லை.

கருத்தரிப்புச் சிகிச்சைத் தொழிலுக்கு மாநில எல்லை தடையில்லை. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்த கொடுமை 2022இல் வெளிவந்தபோது, தமிழ்நாட்டின் விசாரணையில் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றும் சிக்கியது. கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம் என்று கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. செலவையும் வெற்றி வாய்ப்பையும் விளக்கிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கவும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. எந்த மொழியில்? நெய்யாற்றின்கரை தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். மலையாளமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத பெண் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று 1969இலேயே சட்டம் செய்த மாநிலம், சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடிக்க முடியாதா?

காய்ச்சல் நோயாளிகளுக்கே இடம் பற்றாத ஆஸ்பத்திரியில் இதெல்லாம் எங்கே என்று அதிகாரிகள் கேட்கலாம். நாம் கேட்பது கோடி ரூபாய்க் கருவிகளை அல்ல. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியிலும் நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரியிலும் உள்ளிருந்து தாழ் போடக்கூடிய ஒரு சின்ன அறை, மைக்ராஸ்கோப்பில் எண்ணப் பழகிய ஒரு டெக்னீஷியன், வாரத்தில் ஒரு பிற்பகல் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் ஒரு டாக்டர். ஓ.பி. சீட்டும் இருவர் பெயரிலும் எழுதப்படட்டும். அவள் மட்டும் வந்தால் அவனையும் கூட்டிவரச் சொல்லட்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளை உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்ட மாநிலம் கேரளம். தலைமைச் செயலகத்துக் கோப்புக்காகக் காத்திராமல், அடுத்த ஆண்டுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்கலாம்.