கழட்டி மாட்டுறதுக்குப் பேரு ரிப்பேரா?

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரமுடியல. இன்னிக்கு வந்திருக்கேன்னா ஒரே காரணம், வயித்தெரிச்சல்.

எங்க வீட்டுல ஒரு கான்டசா நிக்குது. 1996 மாடல், 1.8 லிட்டர் இசுசு இன்ஜின், பவர் ஸ்டீயரிங் வெச்சது. 1984லிருந்து 2002 வரைக்கும் வந்த வண்டி, வாக்ஸால் விக்டரோட இந்திய அவதாரம். நான் பொறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதுலதான். அப்பாவுக்கு நான் மூத்த புள்ளையா, அது மூத்த புள்ளையான்னு இன்னும் முடிவாகல :)

போன வருஷம் அப்பாவுக்குத் தோள்பட்டையில ஆபரேஷன். அதே நேரம் பார்த்து ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. திருப்பினா ஒரு முனகல் வேற. கேட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கவே மனுஷன் திணறிட்டார்.

முதல் மெக்கானிக் பானெட்டைத் தூக்கி ரெண்டு நிமிஷம் பார்த்தார். "பம்ப் போச்சு சார், ரேக்கும் போச்சு. ஸ்பேரே வராது. வேற வண்டி பம்ப்பை மாத்தி உட்கார வெக்கலாம், 45 ஆயிரம் ஆகும். பேசாம எடைக்குப் போட்டுடுங்க." ரெண்டாவது ஆள் பானெட்டைக்கூடத் தூக்கல. அதே வசனம், 52 ஆயிரம். அன்னிக்கு ராத்திரி அப்பா, "குடுத்துடலாம்டா"ன்னு சொல்லிட்டு டிவியைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். டிவி ஆஃப்ல இருந்துச்சு.

என் கேள்வி ஒண்ணுதான். பம்ப் போச்சுன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?

பவர் ஸ்டீயரிங் ஒண்ணும் ராக்கெட் இல்ல மக்களே. பெல்ட் பம்ப்பைச் சுத்துது, பம்ப் எண்ணெயை அழுத்துது, நாம திருப்புற பக்கத்துக்கு ரேக்ல இருக்குற வால்வு அந்த அழுத்தத்தை அனுப்புது. அவ்வளவுதான். எங்க தப்புன்னு அதுவே சொல்லும், காது குடுத்தா போதும். முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி, இன்ஜினை அணைச்சுட்டு முழுசா திருப்பிப் பாருங்க. எங்கயாவது பிடிச்சா கோளாறு ஜாயின்ட்லயோ காலம்லயோ இருக்கு, எண்ணெய் மேல பழி போடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்தா, ரேக்ல வால்வையும் சீலையும் சந்தேகப்படலாம். முழுசா ஒடிக்கும்போது கீச்சுன்னு கத்தினா பெல்ட் வழுக்குது. வண்டி ரோட்டுல அலையுதா? டை ராட் எண்ட், புஷ், அலைன்மென்ட்டைப் பாருங்க. பம்ப்பு பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

எங்க வண்டியில ரெண்டு பக்கமும் கனம், கூடவே முனகல். ஞாயித்துக்கிழமை நானே ரிசர்வாயர் மூடியைத் திறந்தேன். உள்ள எண்ணெய் ஃபில்டர் காபி மாதிரி நுரை தள்ளிட்டு இருந்துச்சு. நுரைன்னா காத்து. எண்ணெயை அழுத்தலாம், காத்தை அழுத்தினா அது சுருங்கிடும், ஸ்டீயரிங்குக்கு உதவி வராது. ரிசர்வாயர்லேர்ந்து பம்ப்புக்குப் போற ஹோஸோட முனையில லேசா ஈரம். விரலால அமுக்கினேன், பழைய ரவா லட்டு மாதிரி பொதபொதன்னு இருந்துச்சு.

கழட்டிப் பார்த்தா... அது ரேடியேட்டர் தண்ணி ஹோஸ்! எப்பவோ சர்வீஸ் பண்ண ஒரு புண்ணியவான் கைக்குக் கிடைச்சதை வெட்டி மாட்டியிருக்கார். அந்த ரப்பர் எண்ணெய்க்கு ஆகாது, ஊறி ஊப்பிடும். கிளாம்ப் தளர்ந்து, இன்ஜின் ஓடும்போது காத்தை உறிஞ்சியிருக்கு.

எண்ணெய் தாங்குற ஹோஸ் ஒரு அடி, ரெண்டு கிளாம்ப், புது ஆயில். மொத்தம் 760 ரூபாய். சக்கரத்தைத் தூக்கி வெச்சு, இன்ஜின் போடாமலே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இருபது தடவை திருப்பிக் காத்தை வெளியேத்தினேன். நடுநடுவே ஆயில் ஊத்தினேன். முடிஞ்சது கதை. 45 ஆயிரம் எங்க, 760 எங்க?

"ஸ்பேர் வராது"ங்கிறதும் பாதி பொய். பம்ப்பே போயிருந்தாலும், உள்ள தேஞ்சது சீலாவோ பேரிங்காவோ இருக்கலாம். அதெல்லாம் வண்டிப் பேர்ல விக்கிறதில்ல, அளவுல விக்குது. 6203ன்னு ஒரு பேரிங் கேட்டா உள்ள 17 மி.மீ., வெளியே 40, அகலம் 12. உலகத்துல எங்க வாங்கினாலும் அதேதான். பிரஷர் ஹோஸ் வெடிச்சா, பழைய முனையை வெச்சே புதுசா அடிச்சுத் தர ஹைட்ராலிக் ஹோஸ் கடைங்க இருக்கு. அளக்க ஒரு வெர்னியர் வேணும், கொஞ்சம் பொறுமை வேணும்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். மெக்கானிக்கை மட்டும் திட்டினா நான் அயோக்கியன். ஒருத்தர் அரை நாள் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடிச்சு, "ஹோஸ்தான் சார், ஆயிரத்தைநூறு குடுங்க"ன்னா நாம என்ன சொல்லுவோம்? "200 ரூபா ஹோஸுக்கு இவ்ளோவா? சும்மா பார்த்ததுக்கு எதுக்கு காசு?" 45 ஆயிரத்துக்குப் பம்ப் மாத்தினா மட்டும் வாயை மூடிட்டுக் குடுப்போம், ஏன்னா கையில ஒரு பொருள் தெரியுது. கண்டுபிடிக்கிற மூளைக்குக் கூலி இல்லன்னா அவர் எதுக்கு மூளையைச் செலவு பண்ணணும்?

நாம மட்டும் யோக்கியமா? சர்வர் தொங்கினா லாகைப் படிக்காம ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுற கூட்டம்தானே நாம! ஹிஹி.

அதனால அடுத்த தடவை ஒர்க்‌ஷாப் போனா, "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "என்ன கோளாறு, எப்படித் தெரியும்?"னு கேளுங்க. பதில் சொல்றவருக்கு, பார்த்ததுக்கும் சேர்த்து காசு குடுங்க.

நேத்து அப்பா ஒத்தைக் கையால ரிவர்ஸ் எடுத்துக் கேட்டுக்குள்ள விட்டார். இறங்கி வந்து ஒரு வார்த்தை பாராட்டல. "ஏன்டா, இதை முன்னாடியே பார்க்கறதுக்கு என்ன?"ன்னார்.

டிஸ்கி: பவர் ஸ்டீயரிங்ல பிரேக் ஆயில் ஊத்தலாமான்னு கேக்கப்போறவங்களுக்கு: கூடவே கூடாது, சீல் எல்லாம் ஊறிப் போயிடும். அப்புறம் நிஜமாவே பம்ப் போயிடும் :)