கட்டற்ற மென்பொருளும் கட்டுண்ட தொண்டரும்

1956ஆம் ஆண்டிலே டயகமத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினர். தாம் தேர்ந்துகொண்ட ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தோட்ட நிர்வாகம் அங்கீகரித்தல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. அப்போராட்டத்தில் ஏப்ரகாம் சிங்கோ என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கொழுந்து பறிக்கும் கைகளை ஏற்ற நிர்வாகம், கருத்துரைக்கும் வாயை ஏற்க மறுத்தது.

அதே மறுப்பு, குருதி சிந்தாத வடிவிலே, நம் மாணவர் பலர் மனமுவந்து தொண்டாற்றும் ஒரு களத்திலும் இன்று நிகழ்கின்றது. திறந்த மூல மென்பொருள் முயற்சிகளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். வயிற்றுக்காக உழைப்பவனின் துயரும் விருப்பத்தால் உழைப்பவனின் மனக்குறையும் ஒன்றல்ல. ஆயினும், உழைப்பை ஏற்று உழைப்பவனை விலக்கும் முறைமை இரண்டிலும் ஒன்றே.

இம்முயற்சிகளில் திரைச்சொற்களைத் தமிழாக்குவோர், வழுக்களைக் கண்டு அறிவிப்போர், கையேடு எழுதுவோர் எனத் தொண்டர் பலர். எதனைச் சேர்ப்பது, எதனை நீக்குவது என முடிவு செய்வோரோ மிகச் சிலர். அவருள்ளும் பெருநிறுவனங்களிடம் ஊதியம் பெறுவோர் பலர். பல இரவுகள் விழித்துத் தமிழாக்கிய பகுதி அடுத்த வெளியீட்டிலே சொல்லாமல் நீக்கப்படுமாயின், தொண்டன் யாரிடம் முறையிடுவது?

இதற்கு மூன்று விடைகள் வழக்கமாகக் கூறப்படும். “விரும்பி வந்தாய், உரிமை கேளாதே” என்பது முதலாவது. ஊதியம் வாங்காமை உரிமையைக் குறைக்கும் என்பது எந்த நீதி? “தகுதியுடையோரே முடிவு செய்வர்” என்பது இரண்டாவது. நிரல் எழுதுவது மட்டுமே தகுதி என வகுத்தவர் நிரல் எழுதுவோரே அல்லவா? “பிடிக்கவில்லையெனில் நிரலைப் பிரதி செய்துகொண்டு போ” என்பது மூன்றாவது. உரிமம் அதற்கு இடந்தருவது உண்மையே. ஆனால் பெயரும் வழங்கிகளும் பயனர் கூட்டமும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்ட சுதந்திரமும் இத்தகையதே.

மாற்று வழி இல்லாமலில்லை. டெபியன் திட்டம் 1998இலேயே தனக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்து, ஆண்டுதோறும் தலைவரை வாக்களித்துத் தேர்ந்து வருகின்றது. 2010இல், நிரல் எழுதாது மொழிபெயர்ப்பு, ஆவணப்பணி முதலியன செய்வோரையும் வாக்குரிமையுள்ள உறுப்பினராக ஏற்க அங்கே தீர்மானிக்கப்பட்டது. அதனால் டெபியன் அழிந்துவிடவில்லை.

மென்பொருளுக்கு அயலான கட்டற்ற கலைக்களஞ்சியத் துறையிலே தமிழருக்கும் ஓர் அனுபவமுண்டு. 2009இல் கூகிள் நிறுவனம் கூலிக்கு ஆளமர்த்தித் தமிழ் விக்கிப்பீடியாவில் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளைச் சேர்க்கத் தொடங்கியது. 2003 முதல் அதனை வளர்த்த தொண்டரிடம் முன்கூட்டிக் கலந்துபேசவில்லை. தலைப்புகள் தமிழ் வாசகர் தேவைக்குப் புறம்பாயிருந்தன. மொழிநடையோ திருத்துவோரைத் திணறச் செய்தது. தொண்டர் தனித்தனியே முணுமுணுத்து விலகவில்லை. கூடிப் பேசினர், குறைகளைத் தொகுத்தனர், நிறுவனத்துடன் பேச்சு நடத்தினர். 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலே அ. இரவிசங்கர் அவற்றை ஆய்வுரையாக முன்வைத்தார்.

ஆகவே நம் மாணவருக்குக் கூறவேண்டுவது இதுவே: மனமுடைந்து மௌனமாக விலகுவது எதிர்ப்பு ஆகாது, விலகியவன் இடத்தில் நாளை வேறொருவன் அமர்வான். ஒரு முயற்சியில் சேருமுன் அதன் விதிகளைக் கேளுங்கள்; வாக்குரிமை யாருக்கு என்று கேளுங்கள். தமிழாக்குவோர் ஓரணியாய் நின்று பேசுங்கள். பேச மறுக்கும் முயற்சிக்கு உழைப்பைக் கூட்டாக நிறுத்தி வையுங்கள். டயகமத்துத் தொழிலாளர் தனித்தனியே துரையிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்கவில்லை; சங்கமாய் நின்றே கேட்டனர். கணினி முன் அமர்ந்த படித்தவர்க்கு அந்தப் பாடம் இன்னும் எட்டவில்லையெனில், நாம் கற்ற கல்வி யாருக்காக?